கடலுக்கு வழிவிடும் குன்று

வர்க்கலையின் செம்மண் குன்றும் கோவளத்தின் கரும்பாறை முனையும் ஒரே மாவட்டத்தில், ஒரே சமுத்திரத்தின் எதிரே நிற்கின்றன. ஒன்று இளகிக் கொடுக்கிறது. மற்றொன்று எதிர்த்து நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கே திருவனந்தபுரத்துக் கரையின் வரலாறு முழுமையாகப் புலப்படும்.

கேரளத்தின் கடற்கரை ஏறக்குறைய 590 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் பெரும்பகுதி தென்னந்தோப்பும் காயலும் மணல் திட்டுமாகத் தாழ்ந்து கிடப்பது. அப்படிப்பட்ட தாழ்ந்த கரையை ஒட்டித் திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே பிரயாணம் செய்கிறவர், பழைய ஆங்கிலேயக் கோட்டை இருக்கும் அஞ்சுதெங்கையும் கடந்து, நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் வர்க்கலையை நெருங்கும்போது, அதுவரை கடலோடு சமமாக வந்துகொண்டிருந்த நிலம் திடீரென்று எழும்பி, செக்கச் செவேலென்று செங்குத்தாகக் கடலை எதிர்நோக்கி நிற்பதைக் கண்டு வியப்படையாமல் இருக்க முடியாது. தென் கேரளத்தில் நிலம் இவ்வாறு சுவராக உயர்ந்து அரபிக்கடலை நேருக்கு நேர் சந்திக்கும் காட்சி வேறெங்கும் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதனைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. 2025 செப்டம்பரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஏழு இயற்கைத் தலங்களில், நம் திருமலைக் குன்றுகளோடு கூட, வர்க்கலையும் இடம்பெற்றது.

தமிழ்நாட்டிலிருந்து செல்கிறவர்களில் பெரும்பாலோர் பத்மநாபசுவாமி தரிசனத்தை முடித்துக்கொண்டு, கோவளத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் இன்னும் ஒரு நாளை வர்க்கலைக்காக ஒதுக்க வேண்டும் என்பதும், அந்த ஒரு நாளைக் குன்றின் மேல் அல்ல, குன்றின் அடியில் செலவிட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முதல் வேண்டுகோள்.

செம்பாறையும் கருநிலக்கரியும்

குன்றின் மேலிருந்து பார்க்கும்போது கடல்தான் காட்சி. குன்று காலடியில் மறைந்துவிடுகிறது. ஆகையால், கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் பாபநாசம் என்னும் வர்க்கலைக் கடற்கரையில் இறங்கி, குன்றை வலப்புறத்தில் வைத்துக்கொண்டு வடக்கே நடப்பதே உத்தமம். உச்சியில் தென்படுவது, வீடு கட்ட வெட்டியெடுக்கும் அதே செம்பாறை. துளை துளையாக, இரும்புத் துரு ஏறி, வெயில் பட்டு இறுகிய கல். பிரான்சிஸ் புக்கானன் மலப்புறத்தை அடுத்த அங்காடிப்புறத்தில் கண்டு, 1807-இல் உலகத்து நூல்களுக்கு முதன்முதலாக அறிமுகம் செய்த கல்வகை இதுதான். அதன் கீழே வெண்மையும் மஞ்சளும் மாறி மாறி வரும் மணற்பாறை. அதற்கும் கீழே விரல் வைத்தால் வழுக்கும் சாம்பல் நிறக் களிமண். அந்தக் களிமண்ணின் நடுவே, சில இடங்களில் கையெட்டும் உயரத்திலேயே, கன்னங்கரிய பட்டையாக ஓடுகிறது பழுப்பு நிலக்கரி. அதில் ஒரு துணுக்கைப் பிட்டுப் பார்த்தால் அது கல்லாக உடையாமல் நார் நாராகப் பிரிகிறது. ஒரு காலத்தில் அது மரமாக நின்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மார்க்கசைட் என்னும் கந்தக இரும்புக் கனிமம் காற்றுப் பட்டுச் சிதைவதனால் கரிய களிமண்மேல் இளமஞ்சள் பொடி பூத்திருப்பதையும், மெல்லிய கந்தக வாடை வீசுவதையும் கூர்ந்து கவனிப்பவர் உணரலாம்.

இந்த அடுக்குகளை முறையாக ஆராய்ந்து, வர்க்கலையின் பெயராலேயே அவற்றைப் புவியியல் நூல்களில் பதிவு செய்தவர் வில்லியம் கிங் என்னும் ஆய்வாளர், ஆண்டு 1882. மயோசீன் யுகம் என்று விஞ்ஞானிகள் வழங்கும் காலத்தை ஒட்டி, அதாவது 50 லட்சம் முதல் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னே, மலைகளிலிருந்து இறங்கிய ஆறுகள் கடலோரச் சதுப்பு நிலங்களில் கொட்டிய மணலும் வண்டலும், அவற்றில் புதைந்த காடுகளுமே இன்று இக்குன்றாக நிற்கின்றன. தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு உறவு உண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகச் சமைந்து கிடக்கும் மரங்களைப் பார்த்தவர்களும், நெய்வேலியின் நிலக்கரியை அறிந்தவர்களும், அவை புதைந்திருக்கும் கடலூர் மணற்பாறையை வர்க்கலை அடுக்குகளோடு புவியியலார் நெடுங்காலமாக ஒப்புநோக்கி வந்திருக்கிறார்கள் என்பதை அறிந்தால் மகிழ்ச்சியடைவார்கள். கீழைக் கரையில் சுரங்கம் தோண்டிப் பார்க்க வேண்டியதை, மேலைக் கரையில் அலைகளே அறுத்துத் திறந்து வைத்திருக்கின்றன.

தீர்த்தமும் சரிவும்

குன்றின் அடியில் நடக்கிறவர் காண வேண்டிய முக்கியமான விஷயம் தண்ணீர். கடலிலிருந்து சில அடி தூரத்தில், உப்பின் சுவடே இல்லாத நன்னீர், களிமண் பட்டையின் மேல்விளிம்பிலிருந்து கசிந்தும், சில இடங்களில் நூல்நூலாக ஒழுகியும், சில இடங்களில் கையேந்திப் பிடிக்கும் அளவுக்குப் பெருகியும் வருகிறது. பாபநாசத்தில் சமுத்திர ஸ்நானம் செய்தவர்கள் இந்த ஊற்றுநீரில் உடம்பை அலசிக்கொண்டு போவது வழக்கம். அதற்கு மருத்துவ குணம் உண்டென்பது அவர்கள் நம்பிக்கை.

இந்த ஊற்று பிறக்கும் விதம் எளிது. குன்றின் மேல் பெய்யும் மழை செம்பாறையின் துளைகள் வழியே இறங்கி, மணற்பாறையை நனைத்து, களிமண்ணை அடைந்ததும் மேற்கொண்டு இறங்க வழியின்றி நின்றுவிடுகிறது. நின்ற நீர் பக்கவாட்டில் நகர்ந்து, குன்று அறுபட்டிருக்கும் முகப்புக்கு வந்து வெளிப்படுகிறது. யாத்திரிகர்களுக்குத் தீர்த்தமாக அமைந்த அதே நீர்தான் குன்றின் சரிவுக்கும் காரணம். கசிந்து வரும் நீர் மணலைத் துகள் துகளாக வெளியே கொண்டுவந்து, உள்ளே பொந்துகளை உண்டாக்குகிறது. நனைந்த களிமண்ணின் மேல், எண்ணெய் தடவிய மனைப்பலகையில் வைத்த பாரம்போல, மேலிருக்கும் பாறை நிலைகொள்ளாமல் நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஆனி ஆடி மாதத்துப் பேரலைகள் அடிவாரத்தை அரித்துவிட்டால், ஒரு கனத்த மழையிரவில் உச்சிச் செம்பாறை பெரும் பாளமாகப் பிளந்து கீழே விழுகிறது. விழுந்ததை வாரிக்கொண்டு போவதும் கடலின் வேலைதான். மழைக்காலத்தில் மணலை இழந்து மெலியும் பாபநாசக் கரை ஐப்பசிக்குப் பிறகு மீண்டும் மணல் சேர்ந்து அகலும்போது, அந்த மணலில் குன்றின் பங்கும் கொஞ்சம் கலந்திருக்கிறது. குன்று தேய்வதும் கரை வளர்வதும் ஒரே காரியத்தின் இரு முகங்கள்.

மனிதர் பற்றிக்கொண்ட இடம்

இத்தகைய நிலையற்ற மண்ணைத் தேர்ந்தெடுத்து நம் முன்னோர் நிலையான ஒரு தேவாலயத்தை எழுப்பினார்கள். கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மேட்டின் மேல் விளங்கும் ஜனார்த்தனசுவாமி ஆலயம் மிகப் புராதனமானது. கர்க்கடக மாதத்து அமாவாசையன்று, பிதுர்க் கடன் செலுத்துவதற்காகப் பாபநாசக் கரையில் திரளும் ஜனசமுத்திரம் எதிரே இருக்கும் சமுத்திரத்துக்குக் குறைந்ததன்று. பாபநாசம் என்ற பெயரில் பொருநைக் கரையிலும் காவிரி நாட்டிலும் தலங்களை உடைய நமக்கு, மூன்றாவது பாபநாசம் ஒன்று கடலோரத்தில் இருப்பது நெருக்கமான உணர்வையே தருகிறது. ஆலயத்தைக் கட்டியவர்கள் அதைக் குன்றின் விளிம்பில் வைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நகரின் கிழக்கே சிவகிரி. சாதி பேதத்தின் வேரை அறுக்க வந்த ஸ்ரீ நாராயண குரு தம் கடைசிக் காலத்து இருப்பிடமாகக் கொண்டதும், 1912-இல் சாரதா தேவியைப் பிரதிஷ்டை செய்ததும், 1928 செப்டம்பர் 20-ஆம் தேதி மகாசமாதி அடைந்ததும் இங்கேதான். 1922-இல் ரவீந்திரநாத தாகூரும், 1925-இல் மகாத்மா காந்தியும் குருவைச் சந்திப்பதற்காக இந்தக் குன்றைத் தேடி வந்தார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை மஞ்சள் உடையணிந்த யாத்திரிகர்கள் இங்கே வந்து கூடுகிறார்கள்.

குன்று மனிதனுக்குத் தடையாகவும் இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே காயல்களை இணைத்து நீர்வழி அமைக்க விரும்பிய திருவிதாங்கூர் அரசுக்கு, நீண்ட தாழ்ந்த கரையில் குறுக்கே நின்ற ஒரே மேடு வர்க்கலைதான். ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில் சிலக்கூரிலும் சிவகிரியிலுமாக இரண்டு இடங்களில் குன்றைக் குடைந்து, வள்ளங்கள் செல்லும்படி சுரங்கக் கால்வாய் அமைத்தார்கள். உள்ளூரார் துரப்பு என்று வழங்கும் அந்தச் சுரங்கங்களை மண்ணும் சேறும் தூர்த்துவிட்ட பின்னர், அவற்றை மீண்டும் நீர்வழியாக்கும் முயற்சி எடுக்கப்பட்டிருக்கிறது. தெற்கே அஞ்சுதெங்கில், ஆற்றிங்கல் ராணியின் அனுமதி பெற்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-களில் எழுப்பிய கோட்டை இருக்கிறது. அங்கிருந்து ராணிக்குக் காணிக்கையோடு புறப்பட்ட ஆங்கிலேயர்களை 1721-இல் ஆற்றிங்கல் மக்கள் தாக்கி அழித்த நிகழ்ச்சி, கம்பெனியின் ஆதிக்கத்துக்கு எதிராக இந்நாட்டில் எழுந்த ஆரம்பக் கிளர்ச்சிகளுள் ஒன்று.

எதிர்த்து நிற்கும் கல்

வர்க்கலையைப் பார்த்த கண்ணோடு தெற்கே கோவளத்துக்கு வர வேண்டும். இங்கே செம்மண் சுவர் இல்லை. கரிய பாறை முனைகள் கடலுக்குள் நீண்டு, மணற்கரையைப் பிறைபிறையாகப் பிரிக்கின்றன. முனைகளில் ஒன்றன்மேல் 1972 முதல் சிவப்பும் வெள்ளையுமான விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் நிற்கிறது. முனையின் நுனிக்கு அப்பால், தாய்ப்பாறையிலிருந்து பிரிந்துபோன பாறைகள் தனித்தனியாகக் கடலில் நின்று அலைகளை ஏற்கின்றன. வர்க்கலையின் மண் இரண்டு கோடி ஆண்டு வயதுக்கு உட்பட்டதென்றால், கோவளத்துக் கல்லோ பூமியின் ஆழத்தில் வெந்து இறுகி ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் ஒரே பெருநிலமாகச் சேர்ந்த காலத்துக் கல் அது. மாணிக்கச் செம்மை கொண்ட சிறு கார்னெட் மணிகள் பாறைமுகத்தில் பதிந்திருப்பதை, அலை விலகும் கணத்தில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

கடலில் தனித்து நிற்கும் பாறைகள் உண்டாகும் விதத்தை உலகெங்கும் ஒரே விதியாகச் சொல்லலாம். முனையை அலைகள் இரு பக்கமும் வளைத்துத் தாக்குகின்றன, வெடிப்பு குகையாகிறது, குகை துளைந்து வளைவாகிறது, வளைவின் மேற்பாலம் விழுந்ததும் நுனிப்பாறை தனித்துப் போகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் கரையில் இந்த நாடகம் மனிதர் கண்ணெதிரே வேகமாக நடக்கிறது. 1990 ஜனவரியில் அங்கே லண்டன் பாலம் என்ற இயற்கை வளைவு திடீரென்று முறிந்து, நுனியில் நின்றிருந்த இருவரை ஹெலிகாப்டர் கொண்டு மீட்க வேண்டியதாயிற்று; 2005 ஜூலையில் புகழ்பெற்ற பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளில் ஒன்று நொடிப்பொழுதில் கற்குவியலாயிற்று. மால்டா நாட்டின் நீலச் சாளரம் 2017 மார்ச்சில் ஒரு புயலோடு மறைந்தது. கோவளத்துக் கல்லின் உறுதி அந்த வேகத்தைக் குறைத்திருக்கிறது. வர்க்கலையின் மண்ணுக்கோ தூணாக நிற்கும் வலிமையே இல்லை. பிரிந்த பாளம் தனித்து நிற்பதற்கு முன்னே கரைந்துபோகிறது.

இந்தக் கல்லின் உறுதியை நம்பி வாழ்கிறவர்கள் உண்டு. முக்குளிக்கும் கண்ணாடி ஒன்றை முகத்தில் பொருத்திக்கொண்டு, கையில் இரும்பு உளியும் இடுப்பில் வலைப்பையுமாக முங்கி, பாறையோடு ஒட்டி வளரும் சிப்பியைப் பெயர்த்தெடுக்கும் இளைஞர்களை விழிஞ்ஞம் கரையில் காணலாம். அலை பாறையில் மோதித் திரும்பும் இடைவெளியை எண்ணிக்கொண்டு அவர்கள் இறங்குகிறார்கள். பை நிறைந்ததும் பாறையிடுக்கில் கால் ஊன்றி மேலே வருகிறார்கள். ஆழ்கடலில் மூழ்கிக் கிடக்கும் பாறைகளான பார்களில்தான் நல்ல மீன் கூடும். அந்தப் பார்களைக் கண்டறிய இக்கரை மீனவர்கள் கையாளும் கணிச்சம் என்னும் கணக்கு மதிக்கத்தக்க சாஸ்திரம். கிழக்கு மலையின் ஒரு சிகரத்தைக் கரையிலுள்ள ஒரு தேவாலயக் கோபுரத்தோடு ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தி, வேறொரு திசையில் இன்னொரு முனையையும் மரத்தையும் அவ்வாறே இணைத்து, இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் தூண்டிலை இறக்குகிறார்கள். நிலத்தில் உயர்ந்து நிற்கும் எல்லாம் அவர்களுக்குக் கடலின் வரைபடம்.

விழிஞ்ஞம் ஆய் வேளிர் வழிவந்த அரசர்களின் துறைமுகம். எட்டாம் நூற்றாண்டளவில் ஒற்றைப் பாறையைக் குடைந்து செய்த சிறு குடைவரைக் கோயில் அங்கே இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் சிவபெருமானின் புடைப்புருவம் முற்றுப்பெறாமல் நிற்பதைப் பார்க்கும்போது, இந்தக் கல் சிற்பியின் உளியிடம் எவ்வளவு உழைப்பைக் கேட்டது என்பது விளங்கும். கரையை ஒட்டியே கடல் ஆழ்ந்திருப்பதனால் இன்றும் அதே விழிஞ்ஞத்தில் பெருந்துறைமுகம் எழுந்து, 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்தக் கரையைத் தொடர்ந்து தெற்கே போனால், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த குமரிமுனை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் அமர்ந்து தியானித்த பாறையும், 133 அடி உயர வள்ளுவர் சிலையைத் தாங்கும் பாறையும், கரையிலிருந்து பிரிந்து கடலில் நிற்கும் அதே வகை வைரம் பாய்ந்த கற்கள்தாம். உறுதியான கல்லின்மேல் நினைவாலயம் எழுப்பலாம், அது தாங்கும்.

வேலி எங்கே நிற்க வேண்டும்?

இளகிய கல்லின்மேல் என்ன செய்யலாம் என்பதுதான் வர்க்கலை நம்மைக் கேட்கும் கேள்வி. வடகுன்றின் விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதையும், அதன் ஒரு பக்கம் உணவு விடுதிகளும் துணிக்கடைகளும் தங்குமிடங்களும், மறுபக்கம் வெறும் ஆகாயமுமாக இன்று இருக்கிறது. அங்கே ஒரு தேநீர்க் கடையில் வேலை பார்க்கும் நாகர்கோவில் பக்கத்துக்காரர் விளிம்பைச் சுட்டிக்காட்டி, “நான் வந்த புதுசுல வேலி அந்தாக்ல இருந்துச்சு சார், இப்பம் அங்க காலு வைக்க மண்ணு கிடையாது” என்று சொன்னார். குன்றின் முழு வரலாறும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. விளிம்பின் அருகே கட்டடம் கூடக் கூட, அதன் பாரத்தோடு குளியலறை நீரும் கழிவு நீரும் மண்ணில் இறங்குகின்றன. மழைக்காலத்தில் மட்டும் நனைந்து கோடையில் உலர வேண்டிய களிமண் ஆண்டு முழுவதும் ஈரத்தில் ஊறுகிறது. இயற்கை நிதானமாகச் செய்து வந்த காரியத்தை நாம் அவசரப்படுத்துகிறோம்.

2024 ஜூனில், பாபநாசக் கரையில் பிதுர்க் கடன் செலுத்தும் பலிமண்டபத்துக்கு அருகே குன்று சரிந்து யாத்திரிகர்கள்மேல் விழக்கூடும் என்ற அச்சத்தால், மாவட்ட நிர்வாகமே குன்றின் ஒரு பகுதியை இயந்திரம் கொண்டு இடித்தது. புவியியல் ஆய்வுத் துறை அதை ஆட்சேபித்தது. உயிர்களைக் காப்பது நிர்வாகத்தின் தர்மம், சின்னத்தைக் காப்பது ஆய்வுத் துறையின் தர்மம். இரு தர்மங்களும் மோதிக்கொள்ளும் நிலை எழுந்ததற்குக் காரணம், குன்றின் அடியிலும் உச்சியிலும் மனிதன் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டதே. புவியியல் பாரம்பரியச் சின்னங்களைப் பேணுவதற்கென்று மத்திய அரசு 2022-இல் ஒரு மசோதாவின் வரைவை வெளியிட்டது. ஆனால் சட்டம் எதுவாயினும், திருவக்கரையின் கல்மரங்களைச் சுற்றி வேலியிட்டுக் காப்பதுபோல் வர்க்கலையைக் காத்துவிட முடியாது. அங்கே காக்கப்படும் பொருள் இடம் பெயராதது. இங்கே காக்க வேண்டிய பொருளின் இயல்பே இடம் பெயர்வது. அடிவாரத்தில் பெருங்கற்களைக் கொட்டிச் சுவரெழுப்பினால் அலை தடுக்கப்படலாம். ஆனால் உள்ளிருந்து கசியும் நீர் தடுக்கப்படாது. புதிதாக அறுபடாத முகப்பைச் செடிகொடியும் சரிந்த மண்ணும் மூடி, நிலக்கரிப் பட்டையும் களிமண் அடுக்கும் கண்ணுக்கு மறைந்து, பார்க்க வந்தவர்களுக்கு ஒரு சாதாரண மேடு மட்டுமே எஞ்சும்.

ஆகவே குன்றை நேசிக்கிறவர்கள் செய்யத்தக்கது, அது பின்வாங்குவதற்கு வேண்டிய இடத்தை முன்கூட்டியே விட்டுவைப்பது. விளிம்பிலிருந்து தக்க தூரத்துக்குக் கட்டடங்களை உள்ளே தள்ளுவதும், கழிவு நீர் முழுவதையும் குழாய் வழியே குன்றுக்கு வெளியே கொண்டுபோவதும், நடைபாதையைச் சிமெண்டால் நிலைநாட்டாமல் தேவைப்படும்போது பெயர்த்து நகர்த்தும்படி அமைப்பதும், மழை மாதங்களில் அடிவாரத்தில் யாரையும் நிற்கவிடாமல் தடுப்பதும் அரசுக்கு அரிய காரியங்கள் அல்ல. யாத்திரிகராகச் செல்லும் நமக்கும் கடமை உண்டு: கார்த்திகைக்கும் மாசிக்கும் இடைப்பட்ட மாதங்களில் செல்வது, மேலே தொங்கும் பாறைக்கு நேர் கீழே உட்காராதிருப்பது, படமெடுக்கும் ஆசையில் வேலியைத் தாண்டாதிருப்பது, விளிம்பிலேயே அறை வேண்டுமென்று கேட்காதிருப்பது. நாம் கேட்பதனால்தான் அங்கே அறைகள் எழுகின்றன.

ஆலயத்தை எழுப்பிய பெரியோர் கடலைக் கண்ணால் காணும் தூரத்தில், ஆனால் குன்றின் விளிம்பைத் தொடாத தூரத்தில் அதை நிறுத்தினார்கள். அந்த இடைவெளியின் அளவை நம் காலத்துப் பொறியியலும் புவியியலும் கணக்கிட்டுச் சொல்லட்டும். சொன்ன கோட்டுக்கு அப்பால் ஒரு செங்கல்லும் வைப்பதில்லை என்ற உறுதியை அரசும், விடுதிக்காரரும், பார்க்கச் செல்லும் நாமும் ஏற்றுக்கொண்டால், வர்க்கலைக் குன்று தன் இயல்பான கதியில் தேய்ந்துகொண்டே நம் சந்ததியாரையும் வாழவைக்கும்.